மூக்கையூரில் எச்சில் வாங்கிய நாள்

ஐஸ் பெட்டியைத் திறந்தால்
எல்லோரும் மீனைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.
உள்ளே நாற்பது குப்பிகள்,
குப்பிக்கு ஒரு மிடறு எச்சில்.

அரைமணி நேரம் எதையும் மெல்லாமல் இருக்கணும் என்றேன்.
அரைமணி நேரமா!
ஏலக்கூடம் முழுக்கச் சிரிப்பு.

மிக்கேல் சந்தியாகு சிரிக்கவில்லை.
இரண்டு விரலுக்கு மேல் அவருக்கு வாய் திறக்காது.
இடக்கன்னத்தின் உள்ளே வெள்ளையாய் ஒரு தடம்,
உப்புப் பூத்த பாறை மாதிரி.
பதினேழு வருஷம் புகையிலை ஒதுங்கிய இடம்.
ராத்திரிக் கடலுக்கு அதுதான் துணை என்றார்.
"நர்ஸம்மா, இதுல என்னத்தப் பாப்பீக?"

நான் நர்ஸ் இல்லை. திருத்தவும் இல்லை.
வட்டம் இருக்கான்னு பார்ப்பேன், என்றேன்.

அவர் மடியில் நைலான் கயிறு கிடந்தது.
அதையே கையில் எடுத்தேன்.
செல்லுக்குள் செய்தி இப்படித்தான் ஓடுகிறது,
தலையோடும் வாலோடும்.
சொல்ல வந்ததைச் சொன்னதும்
முனையில் வாய் வைத்து அரித்துத் தின்ன
நொதிகள் காத்திருக்கும்.
பொழுது சாய்வதற்குள் கயிறு இல்லை.
உடம்பு தன் பேச்சை அப்படித்தான் முடித்துக்கொள்கிறது.

சில நேரம், வெட்டி ஒட்டுகிற இடத்தில்,
வால் திரும்பி வந்து தலையைக் கவ்விக்கொள்ளும்.
அரிக்க வந்தது சுற்றிச் சுற்றி வரும்,
தொடங்க ஒரு நுனி கிடைக்காமல்.
அதனால்தான் எச்சிலில்கூட மிஞ்சிக் கிடக்கிறது.

"தப்பாப் பொறந்ததா?"

அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்தார்கள்.
குப்பை என்று ஒதுக்கினார்கள்.

கேட்டுக்கொண்டே அவர் புரிகளைப் பிரித்து
நுனியை அடிக்குள் செருகினார்,
ஒரு முறை, இன்னொரு முறை, மூன்று,
பல்லால் இழுத்து இறுக்க வந்து
வாய் திறக்காது என்பது நினைவு வர
முழங்காலில் மாட்டி இறுக்கினார்.
"நுனின்னா தீக்குச்சி வச்சுப் பொசுக்கணும்.
இதுக்கு வேணாம் பாருங்க. பிரியாது."

வலையில் கடற்பஞ்சு வருமா, என்று கேட்டேன்.
"வரும். நாத்தம். தூக்கிப் போட்ருவோம்."
சில வட்டங்கள் அந்தப் பஞ்சு மாதிரி.
செல்லிடம் 'போதும்' என்று சொல்லவே
பொடிப்பொடியாய்ச் சில துணுக்குகள் உண்டு.
அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.
போதும் என்பார் இல்லாத செல்
இரண்டாகும், நாலாகும்,
கன்னத்துக்குள் தனக்கென்று ஓர் ஊர் கட்டும்.

எல்லா வட்டமும் அப்படியில்லை.
தூண்டிவிடுகிறவற்றை உறிஞ்சிக்
காவல் நிற்பவையும் உண்டு.
அவை குறைந்தாலும் ஆபத்துதான்.

"என் வாயில எது?"

அது தெரியாமல்தான் வந்திருக்கிறேன்
என்று சொல்லியிருக்கலாம்.
மூடியை இறுக்கினேன். பன்னிரண்டு என்று எழுதினேன்.

நோயில்லாதவர் எச்சிலும் வேண்டியிருந்தது, ஒப்பிட.
அந்த வரிசையில் நிற்க ஆள் குறைந்தது.
நல்லா இருக்கிறோம் என்று பரிசோதித்துக்கொள்ள
யாருக்குத் துணிச்சல் வரும்?
சந்தியாகப்பர் கோயில் சுவர் நிழலில் திரும்பி நின்று
நாற்பதாவது குப்பியில் நானே துப்பினேன்.

சாயல்குடி வரை பஸ்ஸில் பெட்டி என் மடியில்.
என்ன மீனு, என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.
விலை கேட்பதற்குள் தூங்குவதுபோல் கண்ணை மூடினேன்.

மதுரையில் வியாழக்கிழமை நொதியை ஊற்றினேன்.
முனையுள்ளதெல்லாம் கரைந்தது.
மிஞ்சியவற்றை எண்ணினேன்.
பன்னிரண்டில் ஒன்று மிகுதி, இன்னொன்று வற்றல்.
ஆனால் முப்பத்தொன்றிலும் அப்படித்தான்,
அந்தப் பையன் புகையிலையைத் தொட்டதே இல்லையாம்.
நாற்பதிலும் வட்டங்கள் இருந்தன.
கணினியை மூடிவிட்டு
நாக்கால் என் கன்னத்தை உள்ளே தடவிப் பார்த்தேன்.

ராத்திரி போன் வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம்.
"நர்ஸம்மா, வட்டம் இருக்கா?"
இருக்கு. எல்லாருக்கும் இருக்கு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் ஓடியது.

என் எண்களை நம்பி உட்கார வேண்டாம் அண்ணே,
செவ்வாய்க்கிழமை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வாங்க,
சதை கொஞ்சம் கிள்ளிப் பார்ப்பார்கள்,
அதுதான் நிச்சயமாய்ச் சொல்லும். நானும் வருகிறேன்.

"செவ்வா நம்ம நாளுல்ல. விசைப்படகு வராது.
நண்டு கெடக்குது."

செவ்வாய், என்றேன் மறுபடி.

"காத்து எப்படியோ, பாப்பம்" என்றார்.